திருகோணமலையில் வீட்டுத்தோட்டம்: மணல் வளவு, உவர்க் கிணறு, மான்... எங்கிருந்து தொடங்குவது?

மலைநாட்டுக்காரி | 8 ஜூலை

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனிலிருந்து இடமாற்றத்தில் வந்திருக்கிறேன். டைக் வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் வாடகை வீடு. 8 பேர்ச் (ஏறத்தாழ 200 சதுர மீற்றர்) வளவு, முன்னால் ஒரு பெரிய வேம்பு, பின்னால் கிணறு, மிச்சமெல்லாம் மணல்.

ஊரில் வீட்டைச் சுற்றி லீக்ஸ், கோவா, போஞ்சி என்று ஏதாவது ஒன்று நின்றுகொண்டே இருக்கும். மண்ணைக் கிண்டி நட்டால் போதும். இங்கே வாளி வாளியாக ஊற்றினாலும் மணல் அப்படியே குடித்துவிடுகிறது. கிணற்று நீர் லேசாக உப்புக் கரிக்கிறது. காலையில் மான்கள் கேட் வரைக்கும் வருகின்றன. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் செடி வைத்தால் மிஞ்சுமா?

விதைக் கடையில் கரட், லீக்ஸ், தக்காளி, மிளகாய், வெண்டி எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமையே தொடங்கலாம் என்று எண்ணம். எதை முதலில் போடலாம்?


கிண்ணியா_நானா | 8 ஜூலை

தங்கச்சி, விதைக் காசை இப்போதைக்குப் பையில் வையுங்கள். நாற்று விற்கிறவன் நானே சொல்கிறேன். ஜூலையில் மிளகாய், தக்காளி நாற்றுக் கேட்டு வருகிறவர்கள் இரண்டு கிழமையில் திரும்பி வந்து "நாற்று சரியில்லை நானா" என்பார்கள். நாற்றில் குறை இருக்காது, அடிக்கிற கச்சான் காற்று அப்படி.

லீக்ஸ், கரட்டை மறந்துவிடுங்கள். அவை குளிர் தேடும் பயிர்கள்.


கிணற்றடி | 8 ஜூலை

நானா சொன்னது சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தங்கச்சிக்கு மனம் ஆறாது.

இப்போது ஹட்டனில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்த மழையைக் கொண்டுவரும் தென்மேற்குக் காற்றுத்தான் இங்கே கச்சான். ஈரத்தையெல்லாம் உங்கள் மலைகளில் இறக்கிவிட்டு, மலைக்கு இந்தப் பக்கம் கீழே இறங்கும்போது சூடேறி, வறண்டு வருகிறது. மேயிலிருந்து செப்டெம்பர் வரை இதுதான் கதை. இளம் செடியின் இலையிலிருந்து நீர் போகிற வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்காது. நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் மத்தியானம் வாடித்தான் நிற்கும்.

நமக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. நவம்பரும் டிசெம்பரும் கடும் மழை. ஆகவே திருகோணமலையில் மரக்கறித் தோட்டம் செப்டெம்பர் நடுப்பகுதியில் நாற்றுமேடையில் தொடங்குகிறது. மலைநாட்டு நாட்காட்டியை இங்கே விரிக்க வேண்டாம்.

அதற்காகச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. இந்த இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியவை மூன்று: தண்ணீரைச் சோதிப்பது, மண்ணைத் தேற்றுவது, வேலியை அடைப்பது. விதை நாலாவது.


தம்பலகாமத்தான் | 9 ஜூலை

எல்லோரும் கோபிக்காமல் கேளுங்கள். எரு வாங்கி, வலை வாங்கி, மோட்டர் ஓட்டிக் கரண்ட் பில் கட்டி நீங்கள் எடுக்கப்போகிற ஒரு கிலோ கத்தரிக்காய் சந்தை விலையைவிடக் கூடத்தான் வரும். எங்கள் பக்கம் வயல், வாய்க்கால், குளத்து நீர் எல்லாம் இருக்கிறது. நாங்களே கணக்குப் பார்த்துத்தான் போடுகிறோம். மணலில் ஏன் இந்தப் பாடு?

2022 ஞாபகமிருக்கிறதா? பொருளாதார நெருக்கடி நேரம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் மண்வெட்டி வாங்கினார்கள். ஆகஸ்ட் முடியும்போது மண்வெட்டிதான் மிச்சம்.


கிணற்றடி | 9 ஜூலை

தம்பி, நீங்கள் சொன்ன உதாரணமே எனக்குச் சாட்சி. அந்த லீவு அறிவிப்பு வந்தது ஜூன் மாதம். கொழும்பிலும் மலைநாட்டிலும் ஜூன் நல்ல ஈரம். கிழக்கில் அதுதான் ஆண்டிலேயே மிக மோசமான தொடக்கம். அன்று அத்தனை பேரும் தோற்றது உழைப்புக் குறைந்து அல்ல, மாதம் பிழைத்து. அதே ஆட்களுக்கு அதே விதையை ஒக்டோபரில் கொடுத்திருந்தால் வேறு கதை.

செலவு பற்றிச் சொன்னது பாதி சரி. உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் போட்டுச் சந்தையோடு போட்டி போட முடியாது. ஆனால் கறிவேப்பிலை, றம்பை, பச்சை மிளகாய், கீரை, முருங்கை? இவற்றைத்தான் வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருக்கிறோம், வாங்கியதில் பாதி வாடிக் குப்பைக்குப் போகிறது. அவற்றை வளவில் வைத்தால் கணக்கு மாறும்.


மலைநாட்டுக்காரி | 9 ஜூலை

நன்றி ஐயா. அம்மாவிடம் போனில் கேட்டேன், அங்கே மூன்று நாளாக மழை விடவில்லையாம்!

சரி, செப்டெம்பர் வரை பொறுக்கிறேன். தண்ணீரை எப்படிச் சோதிப்பது? உப்புக் கரித்தால் ஒன்றுமே வராதா?


கிணற்றடி | 10 ஜூலை

வரும். எது வரும் என்பதுதான் கேள்வி.

கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு, மின்கடத்துதிறன் (நீரில் உப்புக் கூடினால் இதுவும் கூடும்) பார்க்கிற மீற்றர் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். அதில் காட்டுகிற அளவு 0.7 dS/m (டெசிசீமன்ஸ்/மீற்றர்) என்பதற்குக் கீழே என்றால் கவலையில்லாமல் எதையும் நடலாம். 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்துத் தெரிய வேண்டும். 3-ஐத் தாண்டினால் அந்த நீரை மரக்கறிக்கு ஊற்றாதீர்கள். மீற்றர் கிடைக்காவிட்டால் வீட்டுச் சோதனை ஒன்று: இரண்டு கோப்பையில் மணலை எடுத்துப் பயறு போடுங்கள். ஒன்றுக்குக் கிணற்று நீர், மற்றதுக்குக் குழாய் நீர். ஒரு கிழமையில் முளையும் முதல் இலையும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. கிணற்று நீரில் பிந்தி முளைத்து இலை நுனி கருகினால் விளங்கிக்கொள்ளுங்கள்.

போஞ்சியும் வெங்காயமும் உப்பைத் தாங்காது. தக்காளி ஓரளவு தாங்கும். பீட்ரூட் நன்றாகவே தாங்கும், தென்னையும் அப்படித்தான்.

இன்னொன்று, இது முக்கியம். கடற்கரைக் கிணறுகளில் நல்ல நீர் உப்பு நீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் இருக்கிறது. உப்பு நீர் பாரம் கூடியது. மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் மேலே உள்ள நல்ல நீர் குறைய, அடியிலிருந்து உப்பு மேலேறும். அப்படி ஒருமுறை ஏறினால் மழை வரும் வரை இறங்காது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று வாளியால் அள்ளுங்கள். 8 பேர்ச்சுக்கு மோட்டர் தேவையே இல்லை.

நாற்றுக்கு மட்டும் குழாய் நீர் பாவியுங்கள். இரவு பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைத்தால் குளோரின் மணம் போய்விடும்.


கொத்தமல்லி_ராணி | 10 ஜூலை

பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைக்கலாம், ஆனால் காலையில் ஊற்றி முடித்துவிட வேண்டும். பீப்பாயில் நாள் கணக்கில் திறந்து வைத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டுக்கு வந்து நிற்பார், வழக்கும் போடலாம். நுளம்பு முட்டையிட்டு ஒரு கிழமை, பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பட்ட பாடு தெரியும்தானே.

நான் மாடி வீடு, எல்லாம் சாடியில். சாடிக்குக் கீழே வைக்கும் தட்டையே எடுத்துவிட்டேன். பழைய டயரில் செடி வைப்பது யூடியூப்பில் வடிவாக இருக்கும், இங்கே வேண்டாம். டயரின் உள்வளைவில் நீர் நிற்பதை நீங்கள் காணவே மாட்டீர்கள். உரப்பை நல்லது. அடியில் ஓட்டை போட்டு, பாதி மண், கால்வாசி மாட்டெரு, கால்வாசி தும்புத்தூள். தும்புத்தூளை வாங்கியதும் இரண்டு மூன்று தரம் நீரில் ஊறவிட்டுப் பிழியுங்கள், அதிலும் உப்பு இருக்கும்.


கிண்ணியா_நானா | 10 ஜூலை

எங்கள் ஊரை இதற்குத்தான் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் ராணி அக்கா :) ஆனால் சொன்னது உண்மை. அந்த வருசத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் நீர் பிடிக்கிற பீப்பாய்க்கு மூடி, மூடிக்கு மேல் வலைத்துணி.


மலைநாட்டுக்காரி | 14 ஜூலை

பயறுச் சோதனையைத் தொடங்கிவிட்டேன், முடிவு பிறகு சொல்கிறேன். மண்ணைத் தேற்றுவது எப்படி? செம்மண் ஒரு லோட் கொட்டினால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார்.


கிணற்றடி | 14 ஜூலை

மாமாவின் யோசனை பிழையில்லை, ஆனால் வாடகை வளவில் ஒரு லோட் மண் கொட்டுவது வீட்டுக்காரருக்குச் செய்கிற உபகாரம். நடுகிற இடத்தை மட்டும் தேற்றினால் போதும்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு மீற்றர் அகலம், இரண்டு மூன்று மீற்றர் நீளத்தில் இரண்டு பாத்தி. வேம்பின் நிழல் விழாத பக்கம், ஆறு மணித்தியாலமாவது வெயில் வேண்டும். ஒன்றரை அடி ஆழத்துக்கு மணலை எடுத்துவிட்டு, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிப்பக்கம் மேலே பார்க்க நெருக்கமாக அடுக்குங்கள். அது நீரைப் பிடித்து வைக்கும், நாலைந்து வருசம் இருக்கும். அதற்கு மேலே காய்ந்த இலைகுழை, அப்புறம் எடுத்த மணலோடு மக்கிய மாட்டெருவைப் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். எரு மக்கியதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். சாண மணம் அடித்தால் இன்னும் ஆகவில்லை.

பச்சைத் தழைக்குச் சீமைக்கிளுவை. வேலிக்குக் கதியாலாக நிற்கிறதே, அதே மரம்தான். வெட்டிப் போட்டால் சீக்கிரம் மக்கும், தழைச்சத்து நிறைய.

பிறகு நனைத்து, தெளிந்த பொலித்தீனால் இழுத்து மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்துவிடுங்கள். கறுப்பு வேண்டாம், தெளிந்ததுதான் உள்ளே சூட்டைக் கூடப் பிடிக்கும். ஆறு கிழமை கிடக்கட்டும். மணலில் பெரிய தொல்லை வேரில் முடிச்சுப் போடுகிற வட்டப்புழு. தக்காளி, கத்தரி, வெண்டி மூன்றையும் அது விடாது. ஆகஸ்ட் வெயில் இந்த ஒரு வேலையையாவது நமக்குச் செய்து தரட்டும்.

யூரியா அள்ளிப் போடாதீர்கள். மணலில் போட்டதில் பெரும் பங்கு கிணற்றுக்குத்தான் போகும்.


தம்பலகாமத்தான் | 15 ஜூலை

இந்தப் பொலித்தீன் விசயம் எனக்குப் புதிது. நாற்றுமேடைக்குச் செய்து பார்க்கலாம் போல. (தோட்டம் வேண்டாம் என்ற கருத்தில் மாற்றமில்லை.)


கோட்டைவாசல் | 15 ஜூலை

யாரும் மானைப் பற்றிப் பேசவில்லையே. டவுனுக்குள் இதுதான் முதல் பிரச்சினை.

பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மட்டும் நிற்பவை என்று நினைக்காதீர்கள். இரவில் கடற்கரை, பஸ் நிலையம், ஒழுங்கை எல்லாம் சுற்றும். வேலி நாலடி என்றால் அவற்றுக்கு அது வேலியே அல்ல. ஆறடியாவது வேண்டும். இங்கே எல்லோருக்கும் முதலில் வருகிற யோசனை பழைய மீன்வலை, கடற்கரையில் சும்மா கிடைக்கிறது. தயவுசெய்து தளர்வாகத் தொங்கவிடாதீர்கள். ஆண் மானின் கொம்பு சிக்கி, வலையோடு இழுபட்டுத் திரிந்ததை இரண்டு மூன்று தரம் கண்டிருக்கிறேன். வனசீவராசிகள் சட்டம் ஒரு பக்கம், பார்க்கச் சகிக்காது என்பது இன்னொரு பக்கம். வலை என்றால் விறைப்பாக, மேலும் கீழும் கம்பி கோத்து இழுத்துக் கட்டுங்கள்.

அதைவிடக் கிடுகு (பின்னிய தென்னோலை) நல்லது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மான் பாயத் தயங்கும், கச்சானுக்கும் மறைப்பு. இரண்டு வேலையும் ஒரே செலவில் முடிகிறது. கேட் இடைவெளியை மறக்காதீர்கள். மான் வராவிட்டால் கட்டாக்காலி மாடு வரும்.


மலைநாட்டுக்காரி | 23 ஜூலை

பயறு முடிவு: கிணற்று நீரில் போட்டது இரண்டு நாள் பிந்தி முளைத்தது, இலை நுனி கொஞ்சம் காய்ந்திருக்கிறது. குழாய் நீரில் போட்டது நன்றாக நிற்கிறது. போதனாசிரியரின் மீற்றரில் 1.6 வந்தது. கிடுகுக்குச் சொல்லியாயிற்று.

இரண்டு மாதம் வெறும் மணலையே பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்கவில்லை. ஒரு கீரையாவது?


கொத்தமல்லி_ராணி | 23 ஜூலை

கீரை போடலாம், ஐயாவும் மறுக்க மாட்டார். பொன்னாங்காணியைச் சந்தையில் கட்டாக வாங்குங்கள், இலையைச் சுண்டுங்கள், முற்றிய தண்டை நாலு கணுவாக வெட்டி உரப்பையில் ஊன்றுங்கள். கங்குனும் அப்படித்தான், அதற்கு நீர் மட்டும் கூட வேண்டும். பசளியும் தண்டிலிருந்து வரும். பையை வேம்பின் நிழல் ஓரத்தில், காலை வெயில் மட்டும் படும்படி வைத்துக் குழாய் நீர் ஊற்றுங்கள். மூன்று நாலு கிழமையில் முதல் சுண்டல் சமைக்கலாம். வேரோடு பிடுங்காமல் வெட்டி எடுங்கள், திரும்பத் தழைக்கும்.

அரிசி, மரக்கறி கழுவிய நீர் எல்லாம் அந்தப் பைகளுக்கு. சவர்க்கார நீர் வேண்டாம்.


கிணற்றடி | 23 ஜூலை

மறுக்கவில்லை. 1.6 என்றால் பயப்படவும் வேண்டாம். போஞ்சியை மட்டும் விட்டுவிடுங்கள். கத்தரி, மிளகாய், வெண்டி, முருங்கை எல்லாம் பார்க்கலாம். மழை தொடங்கியதும் அந்த அளவு தானாக இறங்கும், மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள்.


மலைநாட்டுக்காரி | 12 செப்டெம்பர்

இழையை மேலே கொண்டுவருகிறேன். கிடுகு வேலி நிற்கிறது, பாத்திகள் பொலித்தீனுக்கு அடியில். பொன்னாங்காணிச் சுண்டல் ஊருக்கே கொடுக்கிறேன். இப்போது விதை வாங்கலாமா? எந்த இனம்?


கிண்ணியா_நானா | 12 செப்டெம்பர்

இப்போது வாங்கலாம். தக்காளியில் திலின, கத்தரியில் திருநெல்வேலி ஊதா, வெண்டியில் ஹரித. மூன்றும் விவசாயத் திணைக்களம் தருகிற இனங்கள், விதையை நீங்களே எடுத்து அடுத்த போகத்துக்கு வைக்கலாம். பைக்கற்றில் எஃப்1 (கலப்பின விதை) என்று போட்டிருந்தால் நல்லாய்க் காய்க்கும், ஆனால் அதன் விதையை எடுத்து வைத்துப் பயனில்லை, தாய்ச் செடி மாதிரி வராது.

வெண்டி, பயிற்றை, பாகலை நாற்றுப் போட வேண்டாம், நேரே பாத்தியில் ஊன்றுங்கள். கத்தரி, மிளகாய் நாற்றாக நாலு கிழமை. தக்காளிக்கு அவசரமில்லை. நவம்பர் மழையில் பூ உதிரும், அழுகல் வரும். டிசெம்பரில் நாற்றுப் போட்டு ஜனவரியில் நட்டால் மாசி, பங்குனியில் பழம்.


கிணற்றடி | 13 செப்டெம்பர்

இடைவெளியைக் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். கத்தரிக்கு வரிசைக்கு வரிசை 90 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 60. நாற்று சின்னதாக இருக்கும்போது அநியாயமாக இடம் விடுகிற மாதிரித்தான் தெரியும். மிளகாய்க்கு 60, 45 போதும். நட்டதும் பாத்தியை வைக்கோலாலோ சருகாலோ மூடுங்கள். இல்லாவிட்டால் முதல் பெருமழையே மணலை அடித்து வேரை வெளியே போட்டுவிடும்.

முருங்கை வைக்க எண்ணம் என்றால், கைத்தடி மொத்தத்தில் நாலடித் தடியை முதல் மழையோடு நடுங்கள். ஆனால் வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் வேண்டாம். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முதலில் முறிந்தவை முருங்கையும் வாழையும்தான். மரம் வைக்க முன் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.


தம்பலகாமத்தான் | 13 செப்டெம்பர்

அக்கா, எங்கள் வீட்டில் மக்கிய மாட்டெரு நிறையக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு லாண்ட்மாஸ்ரரில் வருகிறேன், இரண்டு மூட்டை இறக்கிவிடவா? காசு வேண்டாம். பொன்னாங்காணித் தண்டு கொஞ்சம் தாருங்கள், அம்மா கேட்கிறார்.


கோட்டைவாசல் | 13 செப்டெம்பர்

பாருங்கள், கருத்தில் மாற்றமில்லையாம்!


மலைநாட்டுக்காரி | 4 டிசெம்பர்

வெண்டி காய்க்கிறது, ஒன்றுவிட்ட ஒருநாள் பறிக்கிறேன். கிணற்று நீர் இப்போது 0.8. மிளகாய் பூத்திருக்கிறது. இரண்டு சிக்கல். ஒன்று, வெண்டியில் இரண்டு செடியின் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை மாதிரித் தெரிகிறது. மற்றது, கத்தரித் தளிருக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு. என்ன அடிக்கலாம்?


கிணற்றடி | 4 டிசெம்பர்

வெண்டி: மஞ்சள் நரம்பு வைரசு. மருந்தில்லை. அந்த இரண்டையும் இன்றைக்கே பிடுங்கி வளவுக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள் அல்லது புதையுங்கள். காய் நிற்கிறதே என்று இரக்கப்பட்டால் வெள்ளை ஈ மிச்சச் செடிகளுக்கும் கொண்டுபோய்விடும்.

கத்தரி: வெண்பஞ்சுப் பூச்சி, ஆங்கிலத்தில் மீலிபக் என்பது. முதலில் தளிரை வெட்டி அகற்றுங்கள். மிச்சத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். உங்கள் முற்றத்து வேம்பிலேயே கொட்டை விழுந்திருக்குமே, பொறுக்கிக் காயவைத்திருந்தால் 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு ஊறவிட்டு, துணியில் வடித்து, ஒரு தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். மாலையில்தான் அடிக்க வேண்டும், வேம்பின் சத்து வெயிலில் சீக்கிரம் முறிந்துவிடும். மழை பெய்தால் மறுபடி. கிழமைக்கு ஒருமுறை, மூன்று தரம். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். அந்தப் பூச்சியைச் செடிக்குச் செடி காவுவதே எறும்புதான். அடியில் சாம்பல் தூவுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் இலையைப் பறித்துக்கொண்டு போதனாசிரியரிடம் போங்கள், அல்லது 1920-க்கு அழையுங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம். கடைக்காரர் தருகிற கலவையைக் கேள்வி கேட்காமல் வாங்கி அடிக்காதீர்கள்.


கிண்ணியா_நானா | 5 டிசெம்பர்

தக்காளி நாற்று இப்போது போட வேண்டும், மறந்துவிடாதீர்கள் தங்கச்சி. அப்புறம், ரெட் லேடி பப்பாசிக் கன்று அடுத்த கிழமை வருகிறது. கும்பியாக மண்ணை உயர்த்தித்தான் நட வேண்டும், அடியில் நீர் நின்றால் ஒரு நாளில் அழுகிவிடும். யாருக்கு எத்தனை வேண்டும் என்று இங்கேயே சொல்லுங்கள்.


தம்பலகாமத்தான் | 5 டிசெம்பர்

எனக்கு நாலு.